கிரவுன் ஆயில் மாற்றும் முன் அக்காவிடம் ஒரு வார்த்தை

கொல்லிமலையில், காரவள்ளியிலிருந்து சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. அந்த 70 வளைவிலும் பிக்கப்பின் பின்பக்கம் கடகடவென்று உதறுகிறது என்று தம்பி போன் பண்ணினான். நேர் ரோட்டில் சத்தமே இல்லையாம். மெக்கானிக் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் பினியன் போச்சு, ஹவுசிங்கை இறக்கியாகணும்" என்று சொல்லிவிட்டாராம். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "பிரிச்சாத்தான் தெரியும்" என்றாராம். அந்த பதிலைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "கடைசியா கிரவுன் ஆயில் எப்போடா மாத்தினே?"

"பத்து நாள் முன்னாடி."

"என்ன ஆயில்?"

"நைன்டிதான்."

அந்த "நைன்டிதான்"ல இருந்த "தான்"தான் கோளாறு. நாமக்கல்லில் அப்பா நடத்திய ஆயில் கடையின் கல்லாவில் நான் உட்கார்ந்து பல வருஷமாகிறது. லாரிக்காரர்கள் வந்து "ஒரு நைன்டி, ஒரு ஒன்ஃபார்ட்டி" என்று டீ சொல்வது போல் சொல்லிவிட்டுப் போவார்கள். முக்கால்வாசி வண்டிக்கு அது போதும். ஆனால் இவன் வாங்கியிருக்கும் பழைய 4x4 பிக்கப்பின் பின் ஆக்சிலில் இருப்பது எல்.எஸ்.டி. (பேரைக் கேட்டு அம்மா பயந்தே போய்விட்டாள், போதை மருந்து இல்லை, லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் என்று புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது.) அதற்கு வெறும் நைன்டி போதாது. அன்றைக்கு அவனிடம் போனில் சொன்னதையும், சொல்ல விட்டுப் போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன். உன் வண்டியிலும் இதே சமாச்சாரம் இருந்தால் உனக்கும் ஆகும்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் கோர்த்துவிட்டால் டயர் தேயும், ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் நடுவில் டிஃபரென்ஷியல். கிரவுன் ஆயில் என்று நாம் சொல்வது இதற்குள் ஊற்றுகிற எண்ணெயைத்தான். அதற்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் இன்ஜினின் சக்தியெல்லாம் அந்தப் பக்கமே போய்விடும், தரையில் நிற்கிற சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும். 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்கும் இதே தொல்லைதான். சக்கரம் சுழல்வதைக் கட்டுப்படுத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியிடம் போனார். அந்த வேலையின் வாரிசுதான் இன்றைக்கு உன் வண்டியின் பின்னால் தொங்குகிற உருண்டைக்குள் இருக்கிறது.

சாதாரண எல்.எஸ்.டி.க்குள் சின்னச் சின்ன கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் ஓடப் பார்த்தால் இந்தப் பிளேட்டுகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்து, அடுத்த சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கும். வளைவில் திரும்பும்போதோ அதே பிளேட்டுகள் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்க வேண்டும். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். இந்த இரண்டுங்கெட்டான் வேலையை எண்ணெய்க்குள் முழுகிக்கிடந்தபடியே செய்ய வேண்டும் என்பதால்தான் எண்ணெய் இவ்வளவு முக்கியமாகிறது.

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை மொசைக் தரையில் இழுப்பார்களே, டர்ர்ர் என்று துள்ளித் துள்ளி வரும். ஏன்? நின்றிருக்கும் நாற்காலியை நகர்த்த அதிக பலம் வேண்டும். நகர ஆரம்பித்துவிட்டால் குறைந்த பலம் போதும். அதனால் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். தரையில் சோப்புத் தண்ணீர் கொட்டியிருந்தால் சத்தமில்லாமல் வழுக்கி வரும். தம்பியின் வண்டியில் நடந்ததும் இதுதான். சாதாரண கியர் ஆயிலில் பிளேட்டுகள் ஒட்டி ஒட்டி விட்டதால் உதறல். கிரவுனும் போகவில்லை, பினியனும் போகவில்லை. எண்ணெயில் கலந்திருக்க வேண்டிய ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் இல்லை, அவ்வளவுதான். அந்த மருந்து பிளேட்டின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, முதல் ஒட்டலைக் குறைத்துவிடும்.

அப்படியென்றால் எல்லா வண்டிக்கும் ஒரு பாட்டில் ஊற்றிவிடலாமே என்று நினைக்கிறாயா? அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இது டானிக் இல்லை.

முதலில் ஹவுசிங்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். பிளேட் வகை என்றால் மாடிஃபையர் வேண்டும். பிளேட்டே இல்லாமல் சாய்வுப் பல் கியர்களால் மட்டும் வேலை செய்கிற டார்சன், ட்ரூட்ராக் போன்றவை இருக்கின்றன. அவை கியரும் கூடும் உரசுகிற உரசலை நம்பியே பிடிக்கின்றன. அதில் மாடிஃபையர் ஊற்றினால் நாமே காசு கொடுத்துப் பிடியைக் குறைத்துக்கொள்கிறோம். விஸ்கஸ் வகையில் சிலிக்கோன் திரவம் தனியாக ஒரு டப்பிக்குள் சீல் செய்யப்பட்டிருக்கும். வெளியே நீ ஊற்றுகிற எண்ணெய் அதைத் தொடவே தொடாது.

நம்ம ஊரில் மஹிந்திரா தார் வாங்கிய தம்பிகள் அடிக்கடி கேட்பது இன்னொன்று. தாரின் சில வகைகளில் பின்னால் ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரென்ஷியல் வருகிறது. அது எல்.எஸ்.டி. இல்லை, லாக்கர். இரண்டு சக்கரத்துக்கும் வேக வித்தியாசம் நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் உள்ளே ஒரு கவர்னர் கொக்கி போட்டு இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடும். வண்டி சுமார் 32 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் பூட்டாது. அதற்குள்ளும் பிளேட்டுகள் உண்டு, ஆனால் அவை சட்டென்று பிடித்தால்தான் பூட்டு விழும். மாடிஃபையர் ஊற்றினால் பூட்டு தாமதமாகும். அதனால் கம்பெனி புத்தகத்தில் சொன்ன எண்ணெயோடு நிறுத்திக்கொள். வேறு சில வகைகளில் பிரேக்கை வைத்தே சுழலும் சக்கரத்தை அடக்குகிறார்கள். உள்ளே இருப்பது சாதாரண டிஃபரென்ஷியல்தான். அதற்கும் மாடிஃபையர் வாங்குவது வெட்டிச் செலவு.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹவுசிங்கில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கிறதா என்று மண்ணைச் சுரண்டிப் பார். "எல்.எஸ்.டி. ஆயில் மட்டும்" என்று பல ஜப்பான் வண்டிகளில் எழுதியே இருக்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டரில் கேட்பது அதைவிட நிச்சயம். கையால் பார்க்கும் வழியும் உண்டு. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடு, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து, நியூட்ரலில் போடு, ஹேண்ட் பிரேக்கை எடு. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்று. அடுத்த சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரணம். கெட்டியாக, ஒரே பக்கம் சேர்ந்து சுற்றினால் பிளேட் வகை. இதை முழுசாக நம்பிவிடாதே. பிளேட் தேய்ந்துபோன எல்.எஸ்.டி.யும், கியர் வகையும், லாக்கரும் கையால் சுற்றும்போது சாதாரணம் மாதிரியே நடிக்கும்.

ஜாக் போட்டுத் தூக்குவது என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இது எண்ணெயைவிடப் பெரிய விஷயம். எல்.எஸ்.டி. வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு, இன்ஜினை ஓட்டி கியரில் போடவே கூடாது. தூக்கிய சக்கரம்தானே சுற்றும் என்று நினைப்பாய். தரையில் இருக்கிற சக்கரமும் இழுக்கும், வண்டி ஜாக்கைத் தள்ளிக்கொண்டு உன் மேலேயே வரும்.

இனி எண்ணெய். டின்னில் முதலில் பார்க்க வேண்டியது ஜி.எல்-5 என்கிற தரக் குறியீடு. கிரவுனும் பினியனும் ஒன்றன் மேல் ஒன்று உருள்வதோடு, வழுக்கித் தேய்த்துக்கொண்டும் போகிற ஹைபாய்ட் பற்கள். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஈ.பி. (எக்ஸ்ட்ரீம் பிரஷர்) மருந்து. கியர் ஆயில் டின்னைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற வாடை அந்தக் கந்தகத்தின் வேலைதான். பெருங்காயத்தின் வாடைக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயில் கடைக்கார வீட்டில் ரசத்துக்குத் தனி மணம் என்று மாமியார் சொல்வது பொய்யில்லை.

அதே ஜி.எல்-5 டின்னை மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதே. அங்கே பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கும். கந்தகம் அவற்றை அரிக்கலாம். கியர்பாக்ஸுக்குப் பெரும்பாலும் ஜி.எல்-4 கேட்பது அதனால்தான். எல்.எஸ். எண்ணெய் என்றால் இன்னும் மோசம், சின்க்ரோ பிடிக்கவேண்டிய நேரத்தில் வழுக்கி, கியர் கரகரக்கும். மிச்சமிருக்கு என்று ஒரே டின்னை எல்லாவற்றிலும் ஊற்றுகிற சிக்கனம் நமக்கு வேண்டாம். மாருதியின் பெரும்பாலான கார்களைப் போல முன் சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்களும் மாடிஃபையர் கேட்டு வருகிறார்கள். அந்தக் கார்களில் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. தனி கிரவுன் ஆயிலே கிடையாது.

அடுத்து கெட்டித்தன்மை. "நைன்டி" என்றதும் இன்ஜின் ஆயில் 40-ஐப் போல இரண்டு மடங்கு கெட்டி என்று பலருக்கு நினைப்பு. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் கியர் ஆயில் 90-ன் அளவு 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக், இன்ஜின் ஆயில் 40-ன் அளவு 12.5-லிருந்து 16.3. கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. 140 மட்டும்தான் நிஜமாகவே கெட்டி, 24-லிருந்து 32.5. '80 டபிள்யூ 90' என்பதில் முன்னால் இருக்கிற 80 குளிருக்கானது. மைனஸ் 26 டிகிரியில் ஓடுமா என்று பார்த்துக் கொடுத்த எண். 75 என்றால் மைனஸ் 40. கொல்லிமலையில் நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கிற குளிருக்கு 75-க்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. சிந்தடிக் நல்லதுதான், சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் வரும். தம்பி, நீ மிளகு மூட்டையும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறாய், புத்தகம் அனுமதித்தால் போடு. அனுமதிக்காத 140-ஐ "கெட்டியா இருந்தா நல்லதுதானே" என்று ஊற்றாதே. கெட்டி எண்ணெயைக் கலக்கிச் சுழற்றவும் டீசல்தான் செலவாகும்.

மாடிஃபையருக்கு இரண்டு வழி. டின்னிலேயே 'எல்.எஸ்.' என்றோ 'லிமிடெட் ஸ்லிப்' என்றோ போட்டிருந்தால் மருந்து உள்ளேயே கலந்திருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. அது கிடைக்காவிட்டால் சாதாரண ஜி.எல்-5 வாங்கி, மாடிஃபையரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அமெரிக்க வண்டிகளுக்கு வரும் பாட்டில் பெரும்பாலும் 4 அவுன்ஸ், அதாவது 118 மில்லி. ஹவுசிங் 2 லிட்டர் பிடித்தால் அது கிட்டத்தட்ட 6 சதவீதம். எல்.எஸ். எண்ணெயும் வாங்கி அதன் மேல் பாட்டிலையும் கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். சாம்பாரில் உப்பு போட்டாச்சா என்று கேட்காமலே இன்னொரு கை போடுகிற கதை. அதிகமானால் பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டே இருக்கும். சத்தம் இருக்காது, பிடியும் இருக்காது. எல்.எஸ்.டி. வண்டி வாங்கி அதைச் சாதாரண வண்டியாக்கிவிட்டாய் என்று அர்த்தம். சேர்த்ததைத் திரும்ப எடுக்க முடியாது, எல்லாவற்றையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஸ்ப்ளெண்டரிலும் புல்லட்டிலும் ஜாசோ எம்.ஏ. என்று போட்ட ஆயிலைத்தானே ஊற்றுகிறோம்? கார் ஆயிலில் வழுக்கும் மருந்து இருக்கும், பைக்கின் கிளட்ச் எண்ணெயிலேயே முழுகியிருப்பதால் ஸ்லிப் ஆகும். அங்கே எந்த மருந்தைத் தவிர்க்கிறோமோ, அதையே இங்கே அளவோடு கேட்டு வாங்குகிறோம்.

அதனால் தனி பாட்டில் என்றால், தம்பி, முதலில் பாதி. ஓட்டிப் பார். உதறல் நிற்காவிட்டால் கொஞ்சம். மீதியை மூடி வைத்துக்கொள்.

மாற்றுகிற நாளில் இதை மறக்காதே: வடிக்கிற போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்று. வடித்துவிட்டு, ஊற்றுகிற போல்ட் துருப்பிடித்துக் கழலாமல் போனால் வண்டி இருந்த இடத்திலேயே நிற்கும். சோளக்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இப்படி நின்றவனை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம், நம்ம வீட்டுப் பையன்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடி. அடியில் தங்கிய பிளேட் தூளும் சேர்ந்து வரும். போல்ட்டின் காந்தத்தில் மை போல கருப்பு விழுது இருந்தால் பயப்படாதே, அது சாதாரணம். செதில் செதிலாக இரும்பு, பல் உடைந்த துண்டு என்றால் அப்போது அந்த மெக்கானிக்கைக் கூப்பிடு. எண்ணெய் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடைக்குள் இறக்கும்போது சூடான ஹவுசிங் திடீரென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வர மேலே இருக்கிற பிரீதர் சேற்றால் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிரீதரைக் கழற்றி ஊதிப் பார், ஒரு நிமிஷ வேலை. தண்ணீர் புகுந்துவிட்டால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது, உடனே மாற்று.

மாடிஃபையரை முதலில் ஊற்று, பிறகு எண்ணெய். முதலில் எண்ணெயை நிறைத்துவிட்டால் மருந்துக்கு இடமிருக்காது. பழைய பாட்டில் என்றால் நன்றாகக் குலுக்கு. சமதரையில் நிறுத்தி, ஊற்றுகிற துளையின் கீழ் விளிம்பு வரை வந்து லேசாக வழிந்தால் போதும். அதற்கு மேல் அழுத்தி நிறைத்தால் ஆக்சில் சீல் வழியாகக் கசிந்து பிரேக் டிரம்மில் இறங்கும். மலையிறக்கத்தில் அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊற்றியதும் ரோட்டுக்குப் போய்விடாதே. ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸுக்கு 8 போட்டாயே, அதே 8. காலியான களத்தில் மெதுவாக, ஸ்டீயரிங்கை நன்றாக ஒடித்து, பத்துப் பன்னிரண்டு தடவை. அப்போதுதான் பிளேட்டுகள் பிரிந்து புது எண்ணெய் இடுக்குக்குள் போகும். தம்பி இரண்டு 8 போட்டுவிட்டு "ஒண்ணும் மாறலை" என்று போன் செய்தான். மீதி எட்டையும் போடச் சொன்னேன். ஆறாவதிலோ ஏழாவதிலோ சத்தம் அடங்கியதாம். பாதி பாட்டிலோடு நிறுத்தினோம். இப்போது ரிவர்ஸில் முழுசாக ஒடித்தால் மட்டும் லேசாக ஒரு முனகல் இருக்கிறது. மீதிப் பாதியையும் ஊற்றட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். அந்த முனகல் பிளேட்டுக்கு இன்னும் பிடி இருக்கிறது என்பதற்குச் சாட்சி. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் அந்தப் பிடிதான் அவனைக் கரையேற்றும்.

எண்ணெய் மாற்றி, 8 போட்டு, அதன் பிறகும் உதறினால் பிளேட் தேய்ந்திருக்கலாம். அதற்கு முன் டயரைப் பார். பின்னால் ஒரு பக்கம் புது டயர், ஒரு பக்கம் வழுக்கை டயர் என்று போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. விட்டம் வேறானால் இரண்டு சக்கரமும் நேர் ரோட்டிலேயே வேறு வேறு வேகத்தில் சுற்றும், பிளேட்டுகள் ஓய்வில்லாமல் உரசிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கொதித்து மருந்து கெடும். எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெய் ஊற்றினாலும் அந்த வண்டியை எண்ணெயால் காப்பாற்ற முடியாது. ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினாலும் பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்டு. புரொப்பெல்லர் ஷாஃப்டின் க்ராஸ் ஆடுகிறதா என்றும் ஒரு கை வைத்துப் பார். அதன் சத்தத்தையும் சிலர் எல்.எஸ்.டி. தலையில் கட்டிவிடுவார்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவது என்பது புத்தகத்தில் இருக்கும். அதில் கடினமான ஓட்டத்துக்கு என்று தனியாக ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். உனக்கு அந்தக் கணக்குதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் முன்னால் இருந்தவர் என்ன ஊற்றினார் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதே, வடித்துவிடு.

அப்புறம் தம்பி, அந்தப் பழைய எண்ணெயை ஓடைக்கரையில் ஊற்றிவிட்டு வந்தாய் என்று கேள்விப்பட்டேன் என்றால் அக்காவிடம் பேச்சு கிடையாது. கேனில் பிடித்துக் கீழே கொண்டு வா, கடையில் அதற்கென்று ஒரு டிரம் வைத்திருக்கிறேன். வரும்போது மிளகு ஒரு கிலோ. போன தடவை கொடுத்ததில் பாதி கல்.